இராட்சதப் பரங்கி 28ஆம் நாளில் நின்றுவிட்டது: குளிர்ச்சியை எங்கே கொடுப்பது, வேருக்கா, இலைக்கா, காய்க்கா?

முடிச்சூர் குளிர்சாதனக்காரர்
மே 9, இரவு 10.20

அனைவருக்கும் வணக்கம். சென்னையின் விளிம்பில் முடிச்சூரில் இருக்கிறேன். 31 ஆண்டுகளாகக் குளிர்சாதன வேலை. பெட்டிக்கடை ஐஸ்கிரீம் பெட்டியில் தொடங்கி, மீன் கிடங்குகளின் குளிர் அறை வரை பழுது பார்த்திருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் அரை கிரவுண்டு மண் தரை இருக்கிறது. இந்த ஆண்டு அதில் இராட்சதப் பரங்கி போட்டேன். காய் பிடித்த 28ஆம் நாள் வளர்ச்சி நின்றுபோனது. கேட்டவர்கள் எல்லோரும் "வெயில்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த ஒரு சொல் போதவில்லை. எந்த நேரத்து வெப்பம், செடியின் எந்த உறுப்பில் ஏறிய வெப்பம் என்று தெரிந்தால்தான் நான் ஏதாவது செய்ய முடியும்.

பெயரில் குழப்பம் வேண்டாம் என்பதால் சொல்லிவிடுகிறேன். திருஷ்டிக்கு உடைக்கும் வெள்ளைப் பூசணி வேறு. நான் போட்டது மஞ்சள் பரங்கியின் இனம். 'அட்லாண்டிக் ஜயன்ட்' என்ற ரகம். கனடாவில் நோவா ஸ்கோஷியா மாகாணத்து வின்ட்சர் ஊர் விவசாயி ஹோவர்ட் டில் பல ஆண்டுகள் தேர்வு செய்து நிலைநிறுத்தியது. இன்று உலகப் போட்டிகளில் வரும் பெரிய காய்கள் எல்லாம் அதன் வழிவந்தவையே. 2025 அக்டோபரில் இங்கிலாந்தின் லிமிங்டன் ஊரைச் சேர்ந்த பேட்டன் இரட்டைச் சகோதரர்கள் எடை போட்ட காய் 1,278.8 கிலோ. அதற்கு முன் 2023இல் அமெரிக்காவின் மினசோட்டாக்காரர் டிராவிஸ் கீங்கர் கலிபோர்னியாவில் 1,247 கிலோ காட்டினார். அந்த எடைக்கு நான் ஆசைப்படவில்லை. ஒருவர் தனியாகத் தூக்க முடியாத ஒரு காய் முடிச்சூர் மண்ணில் விளைய வேண்டும், அவ்வளவுதான்.

தை முதல் வாரம் விதைத்தேன். மண் 29 டிகிரியில் இருந்தது. ஐந்தாம் நாள் விதையிலை விரிந்துவிட்டது. பத்தில் ஏழு முளைத்தன. மூன்றை வைத்துக்கொண்டேன். மாசி முழுவதும் கொடி ஒரு நாளைக்கு ஒரு சாண் ஓடியது. இலை ஒவ்வொன்றும் முறத்தின் அகலம். மார்ச் 14 விடியற்காலை, ஆறு மணிக்குக் கால் மணி நேரம் முன்பு, ஆண் பூவின் இதழ்களைக் கிள்ளிவிட்டு, காம்போடு பிடித்துப் பெண் பூவின் சூல்முடியில் தடவினேன். காய் பிடித்தது.

அன்றிலிருந்து காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் தையல் நாடாவால் சுற்றளவு எடுத்து நோட்டில் குறித்து வந்தேன். 10ஆம் நாள் 46 செ.மீ., 15ஆம் நாள் 70, 20ஆம் நாள் 86, 25ஆம் நாள் 92, 28ஆம் நாள் 93. அதற்குமேல் நாடா நகரவே இல்லை. தோல் ஆரஞ்சு நிறத்துக்கு மாறி, காம்பு காய்ந்து வரிவரியாக வெடித்தது. ஏப்ரல் 20 அன்று அறுத்தேன். 11 கிலோ 400 கிராம்.

நோட்டைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. வளர்ச்சி பெரும்பாலும் இரவில்தான் நடந்திருக்கிறது. 17ஆம் நாள் பகலில் காய் 2 மில்லிமீட்டர் சுருங்கியே இருந்தது. நாடாவைத் தவறாகப் பிடித்துவிட்டேனோ என்று மூன்று முறை அளந்தேன். அன்று இரவு 3 செ.மீ. கூடியது.

வெப்ப அளவுகளும் எடுத்தேன். தொழில் கருவிகள் கையில் இருக்கின்றன. மார்ச் நடுவில் என் தோட்டத்தில் இரவின் குறைந்த வெப்பம் 24, 25. ஏப்ரல் 10 வாக்கில் 27. இப்போது கத்தரியில் 29. பிற்பகல் இரண்டு மணிக்குக் காற்று 36 இருந்த ஒரு நாளில், தண்ணீர் குடித்து நிமிர்ந்து நின்ற இலை 33, துவண்ட இலை 39. வெயிலில் கிடந்த காயின் தோல் 47. நான்கு குச்சி நட்டு வெள்ளை வேட்டியைக் கூடாரமாகக் கட்டியபின் 37. மண்ணில் இரண்டு விரற்கடை ஆழத்தில், கறுப்பு பிளாஸ்டிக் தாள் விரித்த இடத்தில் 42, வைக்கோல் பரப்பிய இடத்தில் 31.

அந்தக் காய்க்குப் பிறகு ஏப்ரல் கடைசியில் மூன்று பெண் பூக்களுக்கு மகரந்தம் தடவினேன். மூன்றும் கோழி முட்டை அளவில் மஞ்சளாகி விழுந்துவிட்டன.

என்னிடம் கழற்றிப் போட்ட ஒரு டன் குளிர்விப்பான் சும்மா கிடக்கிறது. குழாய் சுற்றிக் குளிர்ந்த நீரை ஓடவிட எனக்குத் தெரியும். மண்ணுக்குள் குழாய் பதித்து வேரைக் குளிர்விக்கவா? இலைமேல் நீர்ப்புகை அடிக்கவா? காயைச் சுற்றிக் குளிர்ச்சி கொடுக்கவா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


படப்பைத் தோட்டம்
மே 10, காலை 5.40

அண்ணா, வணக்கம். படப்பைப் பக்கம் 70 சென்ட்டில் பரங்கி, சுரை, பீர்க்கன் போடுகிறோம். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து 19 ஆண்டுகள். அன்றிலிருந்து இந்தக் கொடிகளோடுதான் இருக்கிறேன்.

உங்கள் காய் பழுக்கவில்லை, வெம்பிவிட்டது. எங்கள் மாமனார் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தார். வளர வேண்டிய காலத்தை வெக்கை தின்றுவிட்டால், காய் பிஞ்சுப் பருவத்திலேயே முற்றலின் வேடம் போட்டுக்கொள்ளும். நிறம் வரும், காம்பு காயும். அறுத்துப் பார்த்தால் சதை மெல்லியதாக இருக்கும், நடுக்குழி பெரியதாக இருக்கும், விதை பாதிக்குப் பாதி சப்பையாக இருக்கும். உங்கள் காயை அறுத்தீர்களா? விதை எப்படி இருந்தது?

நாங்கள் பரங்கியை ஆடிக்கு ஒரு முறையும் மார்கழி ஒட்டி ஒரு முறையும் போடுகிறோம். வேளாண் துறைக்காரர்கள் சொல்லும் ஜூன்-ஜூலை, டிசம்பர்-ஜனவரி என்ற பட்டமும் அதுதான். ஆனால் மார்கழிக் கடைசியில் போட்டதைவிட, மழைக்குத் தப்பிக் கார்த்திகையிலேயே பூவுக்கு வந்த கொடியின் காய் பெரிதாக இருக்கும். ஒரே விதை, ஒரே எரு, ஒரே கிணற்றுத் தண்ணீர். காய் வளரும் நாட்களில் விடியற்காலை பனி இறங்கியதா இல்லையா என்பது மட்டுமே வித்தியாசம். தாம்பரத்துச் சந்தையில் காயை அடுக்கி வைத்தால் எது தையில் வந்தது, எது சித்திரையில் வந்தது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன்.

பூவையும் சொல்ல வேண்டும். மார்கழியில் கோலத்தில் சாணி உருண்டைமேல் வைக்கப் பரங்கிப் பூ கேட்டுத் தெருப்பிள்ளைகள் இருட்டோடு வந்துவிடுவார்கள். ஆண் பூவாகப் பார்த்துப் பறித்துக் கொடுப்பேன். பூவுக்கு அடியில் குட்டிக்காய் இருந்தால் அது பெண், அதைத் தொடக் கூடாது என்று பழக்கியிருக்கிறேன். அந்த மாதத்தில் கொடிக்கு நாலைந்து பெண் பூ நிச்சயம் தெரியும். சித்திரையிலோ ஆண் பூ கூடை கூடையாகப் பூக்கும், பெண் பூவைத் தேட வேண்டியிருக்கும். அப்படியே வந்தாலும் நீங்கள் சொன்னதுபோல முட்டை அளவில் விழுந்துவிடும்.

இப்போது அந்த மூன்று கொடிகளையும் வைத்துப் போராடாதீர்கள். பிடுங்கி மண்ணை ஆறப்போடுங்கள்.


பயிர் வினையியல் ஆசிரியர்
மே 10, பிற்பகல் 3.15

நண்பரே, காலையும் மாலையும் நாடா பிடித்த உங்கள் நோட்டைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. வேளாண் கல்லூரியில் பயிர் வினையியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது அண்ணாநகரில் இருக்கிறேன். மாணவர்களிடம் இப்படி ஒரு நோட்டை வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

படப்பையிலிருந்து எழுதியவர் சொன்ன வெம்பல் சரியான சொல். உள்ளே நடப்பதை விளக்க முயல்கிறேன்.

முதலில், பகலில் சுருங்கி இரவில் பெருத்த காய். நீங்கள் தவறாக அளக்கவில்லை. உச்சி வெயிலில் இலைகள் நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கின்றன. வேர் இழுத்துத் தருவது போதாதபோது, இலை தன் தேவைக்குக் காயிலிருந்தும் நீரை இழுத்துக்கொள்ளும். பொழுது சாய்ந்து இலைத்துளைகள் மூடியபின்தான் காய்க்குப் பங்கு கிடைக்கிறது. நாடா காட்டியது நீரின் கணக்கு. சர்க்கரைக் கணக்கு வேறு. உங்கள் காய் தோற்றது அதில்தான்.

பகலில் இலை சர்க்கரை சமைக்கிறது. பரங்கி இனத்துக்கு 25 முதல் 30 டிகிரி வரை அந்தச் சமையல் நன்றாக நடக்கும். 35க்கு மேல் இலைத்துளைகள் சுருங்கும். கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) உள்ளே வருவது குறையும். ஒளிச்சுவாசம் என்ற விரயமும் ஏறும். ஆக வரவு குறைகிறது. இரவில் செடி முழுவதும் சுவாசிக்கிறது. இலை, தண்டு, வேர், காய் எல்லாம் உயிரோடிருக்கவே சர்க்கரையை எரிக்கின்றன. அந்தச் சுவாசம் 10 டிகிரிக்குத் தோராயமாக இரு மடங்காகும். லிமிங்டன் போன்ற ஊரில் கோடை இரவு 16 டிகிரி என்று வைத்துக்கொண்டால், உங்கள் 28 டிகிரி இரவில் அதே செடி சுமார் இரண்டேகால் மடங்கு எரிக்கிறது. பகலெல்லாம் சம்பாதித்ததை விடிவதற்குள் செலவழித்துவிட்டுக் காய்க்குக் கையை விரிக்கிறது. அந்த ஊர்க் கோடையில் பகல் 16 மணி நேரம், இரவு எட்டு. நமக்கோ கோடையிலும் பகல் 13 மணியைத் தொடுவதில்லை. சம்பாதிக்கும் நேரம் குறைவு, செலவழிக்கும் நேரம் அதிகம்.

இன்னொன்று நாட்காட்டி. ஒரு காயின் செல்கள் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வாரங்களில் பிரிந்து பெருகுகின்றன. பிறகு அவை உப்புகின்றன. வெப்பம் கூடினால் இந்த இரண்டு கட்டங்களும் வேகமாக ஓடி முடிந்துவிடும். வேகம் என்றதும் நன்மை என்று தோன்றும். 70, 80 நாட்கள் வளர வேண்டிய காய் 28 நாளில் தன் ஆயுளை முடித்துக்கொள்வதுதான் அந்த வேகம். குளிர்நாட்டு விவசாயிகளின் காய் உங்கள் காய் நின்றுபோன 28ஆம் நாளில்தான் உச்ச வேகத்தைப் பிடிக்கிறது; அப்போது ஒரே நாளில் 20 கிலோ ஏறும்.

ஏப்ரலில் விழுந்த பிஞ்சுகளுக்கு மகரந்தம் காரணமாக இருக்கும். 35 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் பரங்கியின் மகரந்தம் உயிர்ப்பை இழக்கிறது. பூ திறக்கும் காலை நேரம் குளிர்ந்திருந்தாலும், அந்த மகரந்தம் மொட்டுக்குள் உருவான முந்தைய நாட்களின் வெப்பமும் சேர்த்தே கணக்கு. நீண்ட பகலும் வெப்பமான இரவும் ஆண் பூவைப் பெருக்கும் என்பதும் உண்மை. மார்கழிக் கோலத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்கிறது.

ரகத்தையும் எண்ணிப் பாருங்கள். நம் சந்தைப் பரங்கி பெரும்பாலும் குக்குர்பிட்டா மாஸ்கேட்டா என்ற இனம். வெப்ப மண்டலத் தாழ்நிலங்களுக்குப் பழகியது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 அதில் 7, 8 கிலோ வரை காய்க்கும். உங்களுடையது குக்குர்பிட்டா மாக்சிமா. குளிர்ந்த இரவுகளை விரும்பும் இனம். கடுங்குளிரும் அதற்கு ஆகாது. 10 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும், உறைபனி பட்டால் ஒரே இரவில் கருகும். அதனால்தான் அங்கே வசந்தத்தில் செடிக்குக் கூடாரம் போட்டுச் சூடாக்குகிறார்கள். வெப்பத்துக்கு அவர்கள் தவிக்கிறார்கள், குளிருக்கு நாம் தவிக்கிறோம்.


அம்பத்தூர் மாடித்தோட்டம்
மே 10, இரவு 9.05

மாடியில் 200 லிட்டர் டிரம்மில் இதே விதையைப் போட்டுப் பார்த்தேன். தேங்காய் அளவில் முற்றிவிட்டது. ஆசிரியர் ஐயா இரவைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எழுந்துபோய்த் தளத்தில் கை வைத்துப் பார்த்தேன். ஒன்பது மணிக்கும் கல் சுடுகிறது. பச்சை நிழல்வலை பகல் வெயிலைக் குறைத்தது உண்மை, ஆனால் சூடேறிய காங்கிரீட்டின் நடுவில் டிரம் விடிய விடிய வெந்துகொண்டிருந்திருக்கிறது. மாடியில் முயல்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.


முடிச்சூர் குளிர்சாதனக்காரர்
மே 11, இரவு 11.30

படப்பைச் சகோதரிக்கு: காயை அறுத்துதான் கூட்டு வைத்தோம். நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது. சதை இரண்டு விரற்கடை, மிச்சமெல்லாம் குழி. 340 விதைகள் எண்ணினேன், கனமானவை 90கூடத் தேறவில்லை.

ஆசிரியர் ஐயா, சுவாசக் கணக்கைப் படித்தபோது எனக்கு என் தொழில் நினைவுக்கு வந்தது. குளிர் அறையில் ஆப்பிள் வைத்தாலும் உருளைக்கிழங்கு வைத்தாலும் அவை விடும் சுவாச வெப்பத்தைச் சேர்த்துத்தான் இயந்திரத்தின் அளவைக் கணக்கிடுவோம். அறுத்து வைத்த காய் சுவாசிக்கும் என்று 31 ஆண்டுகளாகத் தெரிந்த எனக்கு, கொடியில் இருக்கும் காயும் இரவெல்லாம் எரித்துக்கொண்டிருக்கும் என்று தோன்றாமல் போய்விட்டது.

நீர்ப்புகை யோசனையை நானே கைவிடுகிறேன். காரணத்தை எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும். நீர்த்துளி ஆவியாகிக் காற்றைக் குளிர்விப்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஈரக்குமிழ் வெப்பநிலை என்போம். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி விசிறினால் அது காட்டும் அளவு. அதற்குக் கீழே எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் இறங்காது. நேற்று பிற்பகல் காற்று 36, ஈரப்பதம் 55 சதவீதம், ஈரக்குமிழ் 28. இரவு எட்டு மணிக்குக் காற்று 31, ஈரப்பதம் 75, ஈரக்குமிழ் 27. அதாவது எந்த இரவு குளிர வேண்டுமோ அந்த இரவில் நீர்ப்புகையால் கிடைப்பது அதிகம் போனால் நான்கு டிகிரி. அதையும் விசிறி வைத்துப் பாடுபட்டால்தான் பெற முடியும். அத்துடன் இலை விடிய விடிய நனைந்து அடிச்சாம்பல் நோயும் வரும். வறண்ட ஊரில் இது வேலை செய்யும். கடற்காற்று வீசும் சென்னையில் செய்யாது.

மிச்சம் குளிர்விப்பான். ஒரு டன் என்றால் மூன்றரை கிலோவாட் வெப்பத்தை அகற்றும். வேர் மண்டலத்துக்கு மட்டும் அதைக் கொடுத்தால்? மண்ணை 24 டிகிரியில் நிறுத்திவிட முடியும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். வேர் குளிர்ந்தால் செடியின் இரவுச் செலவு குறையாதா?


பயிர் வினையியல் ஆசிரியர்
மே 12, காலை 10.50

வேரின் பங்கு குறையும். இலையும் தண்டும் காயும் 29 டிகிரிக் காற்றில்தான் இருக்கும். அந்த மின்சாரத்துக்கு அது மிகச் சிறிய பலன். உங்கள் கருவியே சொல்லிவிட்டதே: கறுப்புத் தாளுக்குக் கீழே 42, வைக்கோலுக்குக் கீழே 31. ஒரு கட்டு வைக்கோல் 11 டிகிரியைக் குறைத்திருக்கிறது. அந்தக் கறுப்புத் தாள் குளிர்நாட்டு வழக்கம். வசந்தத்தில் மண்ணைச் சூடாக்க அவர்கள் விரிப்பது. புத்தகத்தைப் பார்த்து நீங்களும் விரித்திருப்பீர்கள்.

காய்க்கு வேட்டிக் கூடாரம் மிகச் சரி, அதை விட்டுவிடாதீர்கள். வெயிலில் தோல் காய்ந்து கெட்டியாகிவிட்டால், உள்ளே சதை பெருக்கும்போது இடம் கொடுக்காது. வளர்ச்சி தடைபடும், அல்லது வெடிக்கும்.

வேர், இலை, காய் என்று மூன்றைச் சொல்லி எதற்குக் குளிர்ச்சி என்று கேட்டீர்கள். நான்காவதாக ஒன்று இருக்கிறது. இரவுக்குக் கொடுங்கள். அதை இயந்திரத்தால் கொடுக்க முடியாது, மாதத்தால்தான் கொடுக்க முடியும். சென்னையில் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை இரவு 21, 22 டிகிரிக்கு வருகிறது. முடிச்சூர் போல நகரத்தின் விளிம்பில், மண் தரை உள்ள இடத்தில் இன்னும் ஒரு டிகிரி குறையலாம். பகல் 29, 30. உங்கள் காயின் முதல் 60 நாட்கள் அதற்குள் விழ வேண்டும். விதைத்து 58 நாளில் பெண் பூ வந்திருக்கிறது. ஆகவே அக்டோபர் நடுவில் விதையுங்கள்.


படப்பைத் தோட்டம்
மே 12, இரவு 7.45

ஐயா சொல்வதைப் பணிவோடு மறுக்கிறேன். அக்டோபர் நடுவில் விதைத்தால் வடகிழக்குப் பருவமழை இளங்கன்றின் தலைமேல் இறங்கும். முடிச்சூர் எப்படிப்பட்ட ஊர் என்று 2015 டிசம்பரில் எல்லோரும் பார்த்தோம். அடையாறு பெருகினால் அங்கே வீதியில் படகு ஓடும். பரங்கி வேர் ஒரு பகல் ஓர் இரவு தண்ணீரில் நின்றாலே அழுகத் தொடங்கிவிடும். குளிர்ந்த இரவைத் தேடிப் போய்ச் செடியையே இழப்பதா?

கார்த்திகை பாதியில் விதையுங்கள் அண்ணா. தை கடைசியில் பூக்கும். பங்குனி வரை ஓரளவு தாங்கும்.


பயிர் வினையியல் ஆசிரியர்
மே 12, இரவு 9.30

அம்மா, மழையைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. ஆனால் தை கடைசியில் பூத்தால் காயின் இரண்டாம் பாதி மார்ச் வெக்கையில் மாட்டிக்கொள்ளும். அவர் கேட்பது சாதாரணக் காய் என்றால் உங்கள் பட்டமே போதும். நாற்றை அக்டோபரில் கூரைக்கடியில் பெரிய பையில் வளர்த்து, நவம்பர் முதல் வாரம் உயர்ந்த மேட்டில் நட்டால்?


படப்பைத் தோட்டம்
மே 13, காலை 5.30

அப்படியென்றால் மேடு முழங்கால் உயரம் வேண்டும், ஒரு சாண் போதாது. செம்மண்ணும் மட்கிய எருவும் சேர்த்து இப்போதே மேடு கட்டி, ஆடியில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதுவிடுங்கள். மேட்டைச் சுற்றி வாய்க்கால் எடுத்து, தண்ணீர் எந்தப் பக்கம் வெளியேறும் என்று ஒரு மழையிலாவது பார்த்துக்கொள்ளுங்கள். புயல் சொன்னார்கள் என்றால் கொடியின் கணுக்கள்மேல் மண் அணைத்துவிடுங்கள். கணுவிலும் வேர் இறங்கும், காற்று புரட்டாது. இதெல்லாம் செய்வீர்கள் என்றால் ஐயா சொன்ன தேதிக்கு நானும் ஒத்துக்கொள்கிறேன்.


முடிச்சூர் குளிர்சாதனக்காரர்
டிசம்பர் 23, காலை 7.10

ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன். இருவர் சொன்னதையும் சேர்த்துச் செய்தேன். மேடு முழங்காலுக்குச் சற்று மேலே. அக்டோபர் 16 அன்று கார் நிறுத்தும் கூரையின் கீழே பையில் விதைத்தேன். நவம்பர் 5 நட்டேன். இந்தப் பருவத்தில் இரண்டு முறை வாய்க்கால் நிரம்பி வழிந்தது. ஒரு நள்ளிரவில் மண்வெட்டியோடு இறங்கித் தெருப்பக்கம் வெட்டிவிட்டேன். மேட்டின் உச்சியில் ஈரம் இருந்தது, தண்ணீர் நிற்கவில்லை. ஒரு கொடி அழுகிப் போனது. இரண்டு நிற்கின்றன.

முந்தாநாள், டிசம்பர் 21, மகரந்தம் தடவினேன். மார்ச்சில் இதே வேலையைச் செய்தபோது மகரந்தம் விரலில் காய்ந்த மாவு போல் உதிர்ந்தது. இம்முறை ஈரப் பசையோடு மஞ்சள் மையாக ஒட்டியது, தட்டினால்கூடப் போகவில்லை. பெண் பூ ஐந்து இருந்தன. எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும் நிலை எனக்கு வந்தது. அப்போது காற்று 21.6. பக்கத்து வீட்டுக் குழந்தை கோலத்துக்குப் பூ கேட்டு வந்தது, ஆண் பூ ஏழு கொடுத்தேன்.


முடிச்சூர் குளிர்சாதனக்காரர்
பிப்ரவரி 11, காலை 6.40

இன்று 52ஆம் நாள். 15ஆம் நாள் 64 செ.மீ. இருந்தது, போன முறை 70. வெறும் அந்த எண்ணைப் பார்த்து மனம் சோர்ந்தேன். 20ஆம் நாள் 81. அதுவும் போன முறையைவிடக் குறைவு. 28ஆம் நாள் 103. அன்று நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். 40ஆம் நாள் 122. இன்று காலை 131. மெதுவாகத் தொடங்கி, நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. பகலில் சுருங்கியதாக ஒரு நாள்கூட நோட்டில் இல்லை. ஜனவரி முழுவதும் என் தோட்டத்தில் இரவின் சராசரி 20.8.

தோல் வெளிறிய மஞ்சளாகவே இருக்கிறது. வேட்டிக் கூடாரத்துக்குள் கை விட்டுத் தடவினால் குழந்தையின் கன்னம் போல வழவழப்பு. அடியில் மணல் பரப்பியிருக்கிறேன். சுற்றளவை வைத்துப் பார்த்தால் 30 கிலோவை ஒட்டி இருக்கும் என்று நினைக்கிறேன்.

நேற்று இரவு 22.9. இந்த வாரம் தினமும் கொஞ்சம் ஏறுகிறது. சகோதரி, இலைகளில் வெள்ளைப் பொடி போல ஒரு சில இடங்களில் தெரிகிறது. காம்பில் ஒரு மெல்லிய வெடிப்பும் கண்டேன். அறுத்துவிடவா, விடவா?


படப்பைத் தோட்டம்
பிப்ரவரி 11, காலை 6.55

கை வைக்காதீர்கள் அண்ணா! ஒரு வெடிப்பு கணக்கில்லை. காம்பு முழுவதும் சுற்றிலும் தக்கை போலக் காய்ந்து, நகம் இறங்காமல் போகும்போதுதான் கொடி பாலை நிறுத்தியதாக அர்த்தம். வெள்ளைப் பொடி பட்ட கீழ் இலைகளை மட்டும் கிள்ளி வெளியே போடுங்கள், வெயிலுக்கு முன்பே செய்துவிடுங்கள். நாடாவை விடாதீர்கள். மூன்று நாள் தொடர்ந்து அது நகரவில்லை என்றால் சொல்லுங்கள், தூக்குவதற்கு இரண்டு ஆட்களோடு நானே வருகிறேன். விதையில் எனக்கு ஒரு பிடி வேண்டும்.